உழைச்செல்வார்

நுழையும்முன்

பள்ளிக் கல்வியை நிறைவு செய்யவிருக்கும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் எழும் வினா, அடுத்து என்ன படிப்பது என்பதாகும். அதற்குரிய விடைகளுள் ஒன்று செவிலியம். எல்லோரும் கண்டிருக்கும் தொழில் அது. எனினும் அதன் உள்ளடக்கத்தை அறிந்தோர் சிலரே. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதுமே செவிலியரின் பணி என்னும் எண்ணம் நம் ஊர்களில் இன்றும் நிலவுகிறது. நோயுற்ற வயதுவந்தோரைப் பேணும் செவிலியர் எவற்றை அறிந்திருக்கிறார், எவ்வாறு பணியாற்றுகிறார், அப்பணிக்குள் நுழையும் வழிகள் யாவை என்பவற்றை, மதுரை மாவட்டத்தின் டி. கல்லுப்பட்டிப் பகுதியை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

நான்காவது கூறு

மருத்துவம் என்றவுடன் மருத்துவரும் மருந்துமே நம் நினைவுக்கு வருகின்றன. திருவள்ளுவரோ மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒருவரையும் சேர்த்தார். அவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' எனக் குறித்தார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளரின் பக்கத்தில் இருந்து பணிபுரிபவர் உழைச்செல்வார்.

இக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், இந்நான்காமவரிடம் இருக்கவேண்டிய பண்புகளையும் நான்காக வகுத்துரைத்தார். நோயாளரிடம் அன்புடைமை, உள்ளமும் சொல்லும் உடலும் தூயவாதல், கூறியவற்றைக் கூறியவாறே செய்துமுடிக்கும் திறன், அறிவுடைமை என்பன அவை. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் பணிவிடையாளருக்கு ஏறத்தாழ இதே நான்கு பண்புகளைக் கூறுகிறது.

இந்நான்கனுள் அன்பு ஒன்றையே நாம் செவிலியத்தின் அடையாளமாகக் கொண்டுவிட்டோம். 'பொறுமைசாலி, இரக்க குணம் உள்ளவள், நர்ஸ் வேலைக்குச் சரியாக இருப்பாள்' என்று ஒரு பெண்ணைக் குறித்துக் கூறுவதை எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்போம். 'உயிரியலில் கெட்டிக்காரி, எதையும் கூர்ந்து கவனிப்பவள், ஆகவே செவிலியம் படிக்கட்டும்' என்று கூறக் கேட்பது அரிது. தூய்மை, செயல்திறன், அறிவு ஆகிய ஏனைய மூன்றும் இப்பாடத்தில் சிறப்பிடம் பெறுகின்றன.

வரலாற்றில் செவிலியர்

செவிலி என்னும் சொல் சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்தது. குழந்தையைப் பேணியவளின் பெயர் பிற்காலத்தில் நோயாளரைப் பேணுவோருக்கு ஆகிவந்தது. இன்று செவிலியர் என்பது ஆண், பெண் இருபாலாருக்கும் உரிய பொதுச்சொல்.

நோயாளரைப் பேணுவதற்கெனத் தனியே ஆள்களை அமர்த்தும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகளைக் கொண்ட 'வீரசோழன் ஆதுலசாலை' என்னும் மருத்துவமனையை அது குறிப்பிடுகிறது. அங்கு மருத்துவரும் அறுவை மருத்துவரும் மருந்துச் செடிகளைக் கொணர்வோரும் இருந்தனர். அவர்களுடன் நோயாளருக்குப் பணிபுரியும் பெண்களும் இருந்தனர். அப்பெண்களுக்கும் ஊதியம் ஒதுக்கப்பட்டது. உழைச்செல்வாரின் பணி கூலிக்குரிய பணியாகக் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

தற்காலச் செவிலியக் கல்விக்கு அடித்தளமிட்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது, 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு அவர் சென்றார். இரவில் விளக்கேந்தி நோயாளரைக் கண்டுவந்த அவருடைய உருவம் உலகெங்கும் பரவியது. அவர் சிறந்த புள்ளியியல் அறிஞர் என்பது அவ்வளவாகப் பரவவில்லை. போரில் பட்ட காயங்களைவிடத் தூய்மையின்மையால் பரவிய நோய்களே மிகுதியான படைவீரர்களைக் கொன்றன என்பதை எண்களாலும் வட்ட வரைபடங்களாலும் அவர் ஆட்சியாளருக்கு எடுத்துக்காட்டினார். 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவரது செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1871-ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி உருவாயிற்று. 1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் இயற்றப்பட்டது. பதிவுபெற்ற செவிலியர் என்னும் தகுதிக்கு அது சட்ட வடிவம் தந்தது. 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியம் பட்டப்படிப்பாக உயர்ந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே இந்தியச் செவிலியர் குழுமச் சட்டமும் நிறைவேறியது.

அறிந்து காணும் கண்

வயதுவந்தோருக்கான செவிலியம் என்பது தனியொரு பிரிவு. பிரித்தானியாவில் வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகளாகச் செவிலியர் பயிற்சி பெறுகின்றனர். இந்தியாவில் எல்லாப் பிரிவுகளையும் உள்ளடக்கிய பொதுக்கல்வியே முதலில் கற்பிக்கப்படுகிறது. அதில் முன்பு மருத்துவ, அறுவை மருத்துவச் செவிலியம் எனப்பட்ட பாடம், 2021-ஆம் ஆண்டின் திருத்திய பாடத்திட்டத்தில் 'வயதுவந்தோர் நலச் செவிலியம்' என்னும் பெயரைப் பெற்றுள்ளது.

இச்செவிலியரின் முதன்மைக் கருவி அறிந்து காணும் கண். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். வயிற்றில் அறுவை மருத்துவம் முடிந்த ஒருவர் வார்டில் படுத்திருக்கிறார். மாலை 6 மணிக்கு அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 84. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 120. இரவு 10 மணிக்கு நாடி 98, அழுத்தம் 112. நள்ளிரவில் நாடி 116, அழுத்தம் 98. 'எப்படி இருக்கிறது ஐயா?' என்று செவிலியர் கேட்கிறார். 'ஒண்ணுமில்ல தாயி, தண்ணி தவிக்குது, அவ்வளவுதான்' என்கிறார் நோயாளர். உறவினரின் கண்ணுக்கு அவர் களைத்துக் கிடப்பவராகத் தோன்றலாம். செவிலியரோ நாடி ஏறுவதையும் அழுத்தம் இறங்குவதையும் சேர்த்துக் காண்கிறார். தோல் குளிர்ந்து வியர்த்திருப்பதைத் தொட்டறிகிறார். சிறுநீரின் அளவு குறைந்திருப்பதையும் பார்க்கிறார். உள்ளே குருதி கசியலாம் என ஐயுற்று மருத்துவரை உடனே அழைக்கிறார். நாடி 98 ஆக இருந்த பத்து மணி எண் எழுதப்படாமல் விடுபட்டிருந்தால், நள்ளிரவு எண்ணின் பொருள் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

செவிலியர் பதிவேட்டில் எழுதும் எண்கள் ஓர் உயிரின் போக்கைக் காட்டுகின்றன. ஓய்வில் இருக்கும் வயதுவந்தோர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர்; அவர்களது நாடி 60 முதல் 100 வரை துடிக்கும். பல நோயாளரிடம் நிலைமை மோசமாவதை மூச்சின் எண்ணிக்கையே முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதை எண்ணுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும்.

'கூறியவாறே செய்தல்' என்று உரையாசிரியர் சொன்ன பண்பு மருந்து கொடுக்கும்போது வெளிப்படுகிறது. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் செவிலியர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறார். எழுதப்பட்ட அளவு பொருந்தாது எனத் தோன்றினால், மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதும் அவருடைய கடமை. இங்குக் கூறியவாறே செய்தல் அறிவுடைமையோடு இணைந்தே இயங்குகிறது.

தூய்மைக்கும் வரையறை உண்டு. நோயாளரைத் தொடும் முன், தூய செயல்முறை ஒன்றைத் தொடங்கும் முன், உடல் நீர்மங்கள் பட நேர்ந்த பின், நோயாளரைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என ஐந்து தருணங்களில் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு வலியுறுத்துகிறது. எழ இயலாதவரின் முதுகின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றாதவாறு, குறிப்பிட்ட கால இடைவெளியில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் நுட்பமான அறிவுசார்ந்த பணியே.

வளர்ந்தவரின் மானம்

குழந்தை அழுது தன் துன்பத்தை வெளிப்படுத்துகிறது. வளர்ந்தவர் பல வேளைகளில் அதை மறைக்கிறார். மருத்துவமனைக்கு வரும்வரை குடும்பத்தைத் தாங்கியவர் அவர். நிலத்தை உழுதவர், கடை நடத்தியவர், பிள்ளைகளுக்கு முடிவு சொன்னவர். படுக்கையில் விழுந்தவுடன் உடை மாற்றவும் கழிவறைக்குச் செல்லவும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கிறது. தம் பேத்தி வயதுடைய பெண்ணிடம் சிறுநீர்க் கலம் கேட்க நாணி, வலியோடு அடக்கிக்கொண்டிருக்கும் முதியவர்கள் உண்டு. மார்பில் தோன்றிய கட்டியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாய்திறவாத பெண்களும் உண்டு.

ஆதலால் வயதுவந்தோரைப் பேணும் செவிலியர் திரையை இழுத்துவிட்ட பின்னரே உடலைத் தொடுகிறார். என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லி, இசைவு பெற்ற பின்னரே செய்கிறார். 'தாத்தா, வாயைத் திற' என ஒருமையில் ஏவாமல், 'ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க' என மதிப்போடு பேசுகிறார். நோயாளர் தம் நோயைப் பற்றி அறியவும், ஒரு மருத்துவத்தை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உடையவர். அவ்வுரிமையைக் காப்பது பரிமேலழகர் கூறிய அன்புடைமையின் இன்றைய வடிவம் எனலாம்.

கரிசல் மண்ணின் தேவை

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் டி. கல்லுப்பட்டி அமைந்துள்ளது. சுற்றிலும் மானாவாரிக் காடுகள். தெற்கே விருதுநகர் மாவட்டம். கடுமையான நோய்க்கும் பெரும் காயத்திற்கும் உயர்மருத்துவம் தேடுவோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்கின்றனர். தென்மாவட்டங்கள் பலவற்றிற்கும் அதுவே பெரும் புகலிடம். நகரத்து மருத்துவமனைக்கும் சிற்றூருக்கும் இடைப்பட்ட இத்தொலைவில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருப்பதும் இல்லாததும் உயிர் தொடர்பானவை.

காட்டு வேலையின்போது பாம்பு தீண்டுவதை எண்ணிப் பாருங்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தத்தை வெளியேற்றுவதும் தீங்கு விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியவர் செவிலியர். மருத்துவமனையில் எளிய சோதனை ஒன்று செய்யப்படுகிறது. நோயாளரின் குருதியில் சிறிதளவைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். குருதி உறையாமல் ஓடினால் விரியன் வகை நஞ்சு உடலில் ஏறியிருப்பதை அது உணர்த்தும். நச்சுமுறி மருந்து செலுத்தப்படும்போது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும். அதன் முதல் அறிகுறியைக் காணப் படுக்கையருகே விழிப்போடு நிற்பவர் செவிலியர்.

இதைவிட அமைதியாகப் பரவும் இடர் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். சர்க்கரை நோய் முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றும். வெறுங்காலுடன் காட்டில் நடப்பவர் முள் தைத்ததையே அறியாமல் இருப்பார். புண் ஆழமான பின்னரே மருத்துவமனைக்கு வருவார். காலை இழக்க நேர்ந்தால் அக்குடும்பம் தன் உழைப்பாளியையே இழக்கிறது. பாதத்தை நாள்தோறும் பார்க்கவும், செருப்பணியவும், மருந்தை இடையில் நிறுத்தாமல் இருக்கவும் கற்பிக்கும் செவிலியர் பெருஞ்செலவுடைய ஓர் அறுவையைத் தடுத்துவிடுகிறார். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இத்தகைய நோயாளரின் இல்லத்திற்கே மருந்தையும் வலிதணிப்புப் பேணலையும் கொண்டுசெல்கிறது. 2024-இல் அது ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் செவிலியர் பணிபுரிவதாகவும், மேலும் 58 இலட்சம் பேர் தேவைப்படுவதாகவும் உலக நலவாழ்வு அமைப்பின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நைட்டிங்கேல் பிறந்த மே 12 அன்று உலகச் செவிலியர் நாள் கொண்டாடப்படுகிறது.

கல்வி வாயில்கள்

செவிலியராக விழைவோருக்குப் பல வாயில்கள் உள்ளன. நான்காண்டு இளநிலை அறிவியல் (செவிலியம்) பட்டப்படிப்பு முதன்மையானது. இதில் சேர மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுடன் ஆங்கிலமும் பயின்று தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்பட்டத்தை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. மதுரை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து அரசுச் செவிலியர் கல்லூரி இயங்குவதால், டி. கல்லுப்பட்டி மாணவருக்கு இக்கல்வி எட்டாத் தொலைவில் இல்லை. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு மற்றொரு வாயில். பட்டயம் பெற்றவர் பின்னர் இரண்டாண்டுப் படிப்பின் வழியாகப் பட்டதாரியாகலாம். அதற்குமேல் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் உள்ளன.

அரசு இடங்களுக்கான சேர்க்கை, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு வழியாக நடைபெற்று வந்துள்ளது. 2023-ஆம் ஆண்டு தேசியச் செவிலிய, மகப்பேற்றுச் செவிலிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டுள்ளதால் விதிகள் மாறக்கூடும். எனவே ஒவ்வோராண்டும் அரசு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிப்பதே முறை. தனியார் நிறுவனத்தில் சேர விரும்புவோர், அந்நிறுவனமும் படிப்பும் இந்தியச் செவிலியர் குழுமத்தாலும் மாநிலச் செவிலியர் குழுமத்தாலும் ஏற்கப்பட்டவையா என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்னரே உறுதிசெய்ய வேண்டும். ஏற்பு இல்லாத நிறுவனம் தரும் சான்றிதழைக் கொண்டு பதிவுபெற்ற செவிலியராக முடியாது. ஏழைப் பெற்றோரின் சேமிப்பும் மாணவரின் ஆண்டுகளும் இவ்வாறு வீணாதல் கூடாது.

படிப்பை முடித்தவர் தமிழ்நாடு செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசுப் பணிக்குரியோரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. தீவிர மருத்துவம், புற்றுநோய், சிறுநீரகக் குருதி சுத்திகரிப்பு, முதியோர் பேணல், வலிதணிப்பு எனச் சிறப்புத் துறைகள் பல. அயல்நாடு செல்ல விழைவோர் ஆங்கில மொழித்தேர்வும் அந்நாட்டுப் பதிவுத்தேர்வும் எழுத நேரும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இவ்வகையில் உதவுகிறது. உரிமம் பெறாத முகவரிடம் பணம் கொடுத்தல் ஆகாது.

தொண்டும் ஊதியமும்

டி. கல்லுப்பட்டியில் 1940-ஆம் ஆண்டு முதல் காந்தி நிகேதன் ஆசிரமம் இயங்கிவருகிறது. தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அங்குக் கழித்தார். 1960 சனவரி 30 அன்று மறைந்தார். நிலைபேறுடைய பொருளாதாரம் குறித்துச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூலில், உயிர்களின் வாழ்முறையை ஐவகைப்படுத்தினார். பிற உயிரை அழித்து வாழும் முறை அவற்றுள் தாழ்ந்தது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையைப் போன்ற தொண்டு முறையை அவர் உயர்ந்ததாக வைத்தார். செவிலியத்தை அவ்வுயர்ந்த முறைக்குச் சான்றாகக் காட்டுவது பொருத்தமே.

ஆயினும் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். தாய்ப்பறவை தன் விருப்பால் ஊட்டுகிறது. குஞ்சு வளர்ந்ததும் அதன் கடமை முடிகிறது. செவிலியரோ ஆண்டு முழுவதும் இரவும் பகலும் முறைவைத்து உழைக்கிறார். அவருக்கும் குடும்பம் உண்டு, வாடகை உண்டு, கல்விக்கடன் உண்டு. 'தொண்டு' என்னும் சொல்லைக் காட்டி அவருடைய ஊதியத்தைக் குறைப்பது தொண்டுக்கே இழுக்கு. இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த ஆணையின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வழங்கப் பரிந்துரைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றது. இப்பரிந்துரைகள் எங்கும் முழுமையாக நடைமுறைக்கு வருவது சமுதாயத்தின் விழிப்பைப் பொறுத்தது. திருமுக்கூடலில் ஊதியம் ஒதுக்கிய மரபு நம்முடையது.

தெரிவு செய்வோருக்கு

இத்தொழிலில் கடினங்கள் இல்லை என்று கூறினால் அது மாணவருக்குச் செய்யும் நன்மையாகாது. இரவுப்பணி உறக்கத்தைக் கெடுக்கும். நாள்முழுதும் நிற்பதால் காலும் இடுப்பும் வலிக்கும். தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு உண்டு. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி செவிலியர் உழைத்ததை நாடு கண்டது. தாம் பேணிய ஒருவர் விடிவதற்குள் மறைந்துவிடும் துயரையும் தாங்க நேரும்.

வெளியிலிருந்து வரும் தடைகளும் உள்ளன. பிறர் உடலைத் தொடும் வேலையைத் தாழ்வாகக் கருதும் பழைய தீண்டாமை மனம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இரவில் பணிக்குச் செல்லும் பெண்ணைப் பழிக்கும் வாயும் மூடிவிடவில்லை. ஆண்மகன் செவிலியம் படித்தால் நகைப்போரும் உளர். நோயாளரின் கழிவைத் துடைக்கும் கையை இழிவாக எண்ணுவோர், தாம் எழ இயலாமல் கிடக்கும் நாளில் அந்தக் கையையே எதிர்நோக்குவர். பளுவான நோயாளரைத் தூக்கவும், நாணம் மிகுந்த ஆண் நோயாளருக்கு உதவவும் ஆண் செவிலியரின் தேவை வார்டுகளில் பெரிதும் உணரப்படுகிறது.

ஆதலின் இதைத் தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர் மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். சிறு மாறுதலையும் கூர்ந்து காணும் இயல்பு எனக்கு உண்டா? கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மை உண்டா? அயலார் ஒருவரின் உடலையும் மானத்தையும் என் உறவினருடையவை போல் காக்க இயலுமா? இவற்றிற்கு ஆம் என்னும் விடை பிறந்தால், உயிரியலும் வேதியியலும் ஆங்கிலமும் இன்று கற்கும் பாடங்களாக மட்டும் நின்றுவிடா; நாளை ஒருவரின் படுக்கையருகே பயன்படும். இல்லை என்னும் விடை பிறப்பினும் குறையொன்றும் இல்லை. அவர் ஒரு நாள் நோயாளராகவோ உறவினராகவோ வார்டுக்குள் நுழையும்போது, உழைச்செல்வாரை மதிக்கத் தெரிந்தவராக நுழைவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியர் ஒருவரை ஆசிரியரின் துணையுடன் சந்தித்து, அவருடைய ஒருநாள் பணியைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. நோயாளர் எவரின் பெயரையும் குறிப்பிடாதீர்.

2. உங்கள் வீட்டிலுள்ள மூவர் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது, ஒரு நிமிடத்தில் அவர்கள் விடும் மூச்சினை எண்ணி அட்டவணைப்படுத்துக.

3. 'செவிலியப் பணியை ஆண்களும் ஏற்க வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'உழை' என்னும் சொல் இப்பாடத்தில் குறிக்கும் பொருள்
அ) மான்   ஆ) உழைப்பு   இ) பக்கம்   ஈ) மருந்து

2. வீரசோழன் ஆதுலசாலை பற்றிக் கூறும் கல்வெட்டு அமைந்துள்ள இடம்
அ) உத்திரமேரூர்   ஆ) திருமுக்கூடல்   இ) தஞ்சாவூர்   ஈ) வேலூர்

குறுவினா

1. பரிமேலழகர் கூறும் உழைச்செல்வாரின் நான்கு பண்புகள் யாவை?

2. மருந்து கொடுக்கும்போது செவிலியர் சரிபார்க்கும் ஐந்தனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. அறுவை மருத்துவம் முடிந்த நோயாளரின் எண்கள் செவிலியருக்கு உணர்த்தியது என்ன? விளக்குக.

2. வயதுவந்த நோயாளரின் மானத்தைக் காக்கச் செவிலியர் மேற்கொள்ளும் முறைகளை எழுதுக.

நெடுவினா

1. 'செவிலியம் அன்பு சார்ந்த தொண்டு. அதே வேளையில் அறிவு சார்ந்த, ஊதியத்திற்குரிய தொழில்' என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.